திரவப் பளிங்கு நூல் நிறம் மாறாவிட்டால்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

வெப்பத்துக்கு ஏற்ப நிறம் மாறும் நூலைத் திரவப் பளிங்கு கொண்டு செய்ய முற்படுவோர், நூல் எதிர்பார்த்தபடி அமையாதபோது, முதல் வேலையாகப் பளிங்குக் கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கத் தொடங்குகின்றனர். விலை கூடிய பொருளை இவ்வாறு வீணாக்குவதற்கு முன் சற்றுப் பொறுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைச் செய்து பார்த்த அளவில், பிழை கலவையில் இருந்ததைவிட எங்கள் பகல் வெக்கையிலும், சுண்ணாம்பு கலந்த கிணற்று நீரிலும், சாயம் கழரும் கறுப்பு நூலிலும் இருந்ததே அதிகம்.

திரவப் பளிங்கு என்பது திரவம்போல் ஓடினாலும் பளிங்கைப் போல மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் அமைந்த பொருள். இங்கே பேசப்படுவது அதன் கொலெஸ்ரரிக் வகை ஆகும். அதன் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகச் சிறிது சிறிதாகத் திரும்பி, திருகாணியின் புரியைப் போன்ற சுருளாக அமைகின்றன. அச்சுருள் ஒரு முழுச் சுற்றை முடிக்கும் நீளமே புரியிடைத் தூரம். அதனைச் சராசரி முறிவுச்சுட்டியால் (பொருளினுள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண்ணால்) பெருக்கினால், நேரே பார்க்கும்போது தெறிக்கும் ஒளியின் அலைநீளம் கிடைக்கும். முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.5 என்பதால், புரியிடைத் தூரம் 350 நனோமீற்றராக இருக்கும்போது 525 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளி தெறிக்கும். வெப்பம் ஏறச் சுருள் இறுகுவதால் நிறம் சிவப்பிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும் நகர்ந்து, இறுதியில் சுருள் முற்றாகக் குலைந்து கலவை நிறமற்ற சாதாரணத் திரவமாகிவிடும். தெறிக்காத ஒளி முழுவதும் ஊடுருவிப் போய்விடுவதால், பின்னால் அதனை விழுங்குவதற்கு ஒரு கறுப்புப் பரப்பு இருந்தே ஆக வேண்டும். கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்தப் பந்தியை மறந்ததால் வருபவை.

கலவையைச் சிறு துளிகளாக்கி, ஒவ்வொன்றையும் மென்தோல் உறையால் மூடி, பசையோடு கலந்து கறுப்பு நூலில் பூசுவதே செய்முறை. எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு துளிச் சோதனை செய்யவும். உறையிடாத கலவையில் ஒரு சிறு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே இன்னொரு கண்ணாடித் துண்டை வைத்து மெதுவாக அழுத்தி ஒருமுறை பக்கவாட்டில் நகர்த்தி, கறுப்புக் கடதாசியின் மேல் கிடத்தவும். பின்னர் வெந்நீர் ஊற்றிய குவளையின் பக்கத்தில் அதனைச் சேர்த்து எடுத்து, ஆறும்போது நிறங்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று பார்க்கவும். கண்ணாடியில் நிறம் ஒழுங்காக வந்தால் கலவை நலமாக உள்ளது. பிழை உறையிலோ, பசையிலோ, நூலிலோ இருக்கிறது. அழுத்தி நகர்த்துவதற்கு முன் துளி சாம்பல் வெள்ளையாக இருந்து, நகர்த்திய பின் நிறம் பளிச்சிட்டால் அதனையும் பிழையாகக் கொள்ள வேண்டாம். நகர்த்தும்போதுதான் சுருள்களின் அச்சுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக ஒழுங்குபடுகின்றன.

நூல் எந்நேரமும் கறுப்பாகவே இருக்கிறது

இதுவே எங்கள் ஊரில் மிகுதியாகக் காணப்படும் குறை. கலவையின் நிற எல்லைக்கும் (அது நிறம் காட்டும் வெப்பநிலை இடைவெளிக்கும்) இங்குள்ள வெப்பநிலைக்கும் பொருத்தமில்லாமையே அதன் முதற் காரணம். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைகள் அறை வெப்பநிலையை 20 பாகை செல்சியஸ் என்று எடுத்துக்கொண்டு, 20 முதல் 25 பாகை வரை நிறம் காட்டும் கலவையைப் பரிந்துரைக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பகல் வெப்பநிலை வருடத்தின் பெரும்பகுதியில் 30 பாகையை ஒட்டியோ அதற்கு மேலாகவோ இருப்பதால், அந்த நூல் பிறந்த நாள் முதல் தன் எல்லையைக் கடந்த நிலையிலேயே கிடக்கும். அதனை ஒரு பொலித்தீன் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வெளியே எடுத்து, கண்ணெதிரே சூடேறவிட்டால் உண்மை தெரிந்துவிடும்: சில நிமிடங்களுக்குள் சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடி மறையும்.

தீர்வு கலவை விகிதத்தில் உள்ளது. பாடசாலை மட்டச் செய்முறைகளில் வழங்கும் மூன்று பொருட்கள் கொலெஸ்ரரைல் ஒலியைல் காபனேற்று, கொலெஸ்ரரைல் பெலர்கனேற்று, கொலெஸ்ரரைல் பென்சோவேற்று என்பனவாகும். ஒரு கிராம் கலவையில் இவை முறையே 0.45, 0.45, 0.10 கிராம் இருந்தால் நிற எல்லை அண்ணளவாக 26.5 முதல் 30.5 பாகை வரை அமையும், 0.38, 0.52, 0.10 கிராம் இருந்தால் 33 முதல் 36 வரை, 0.30, 0.60, 0.10 கிராம் இருந்தால் 37 முதல் 40 வரை. கையால் தொட்டதும் நிறம் மாறும் நூல் வேண்டுமென்றால், எங்கள் பகலுக்கு இம்மூன்றில் நடுவில் உள்ள விகிதத்தையே நான் தெரிவு செய்வேன். அதற்குக் கீழே போனால் மதிய வெக்கையே விரலின் வேலையைச் செய்துவிடும். மேலே போனால் விரலின் சூடு போதாது. மார்கழி, தை மாத விடியலில் காட்டுவதற்கென்றால் முதல் விகிதமும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பத்து மணி வெயில் ஏறியதும் அது கண்ணை மூடிக்கொள்ளும்.

நிறுவையிலும் கவனம் தேவை. இந்த இடைவெளியில், முதற் பொருளில் 20 மில்லிகிராமைக் குறைத்து இரண்டாவதில் அதே அளவைக் கூட்டினால் எல்லை ஏறத்தாழ ஒரு பாகை மேலேறும். ஆகவே சமையலறைத் தராசு இதற்கு உதவாது. கஸ்தூரியார் வீதியில் தங்கம் நிறுக்கும் தராசைப் போல மில்லிகிராம் காட்டும் ஒன்று வேண்டும். அது கிடைக்காதபோது, ஒரு கிராமுக்குப் பதிலாக ஐந்து கிராமாகக் கலந்தால் அதே நிறுவைத் தவறு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும்.

நிறம் திட்டுத் திட்டாக வெவ்வேறு வெப்பநிலையில் மாறுகிறது

கலவை முற்றாகக் கலக்கவில்லை. மூன்றில் அடம்பிடிப்பது பென்சோவேற்றுத்தான். 1888 ஆம் ஆண்டு பிராக் நகரில் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரெயினிற்சர் இப்பொருளைச் சூடாக்கியபோது, அது 145.5 பாகையில் கலங்கிய திரவமாக உருகி, 178.5 பாகையில் தெளிந்ததைக் கண்டார். திரவப் பளிங்கின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. கொதிநீர்த் தொட்டியில் மட்டும் வைத்துச் சூடாக்கினால் இதன் மணிகள் கரையாமல் அடியில் தங்கிவிடலாம். மூடிய கண்ணாடிக் குப்பியை வெப்பக்காற்று ஊதியால் சூடாக்கி, உள்ளிருப்பது நீர்போலத் தெளிந்து ஒரு மணியும் தென்படாத நிலை வரும்வரை குலுக்கவும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பழைய கலவை வெள்ளைக் கட்டியாக இறுகியிருந்தாலும் இதே மருந்துதான். மேற்பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துப் பயன்படுத்தினால் விகிதம் கெட்டுவிடும்.

ஒரு நிறம் மட்டும் மறைந்து மீள்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை இல்லை

உங்களிடம் இருப்பது திரவப் பளிங்கே அல்ல. நிறமாறித் தூள் என்ற பெயரில் இணையக் கடைகளில் மலிவாக விற்கப்படுபவை பெரும்பாலும் லியூக்கோ சாயத்தை உறையிட்டவை. அவை சூடானதும் நிறமிழந்து, ஆறியதும் பழைய நிறத்துக்குத் திரும்பும். வெள்ளைத் துணியிலும் அவற்றின் நிறம் தெரியும் என்பதே இரண்டையும் பிரித்தறியும் எளிய வழி. திரவப் பளிங்கு வெள்ளைத் துணியில் ஏறத்தாழக் கண்ணுக்கே தெரியாது.

உறை உருவாகவில்லை, குழம்பு திரண்டு கட்டியாகிறது

உறையிடாத கலவை ஒட்டும் தன்மையுள்ள எண்ணெய் போன்றது. அதனை நேரே நூலில் பூசினால் தூசி ஒட்டும், கைபட்டால் அழியும். எனவே அதனைச் சிறு துளிகளாக்கி, ஜெலற்றினும் அரபுக் கோந்தும் சேர்ந்த மென்தோலால் மூடி, நுண்ணுறைகளாக்க வேண்டும். ஜெலற்றினில் நேரேற்றமும் கோந்தில் மறையேற்றமும் இருக்கும் வகையில் அமிலத்தன்மையைச் சரிசெய்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து நீரிலிருந்து பிரிந்து துளியைச் சுற்றிப் படியும். முறை இவ்வளவு எளிது என்றாலும், இந்த இடத்தில்தான் எங்கள் மண் குறுக்கே வந்து நிற்கிறது.

யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு அதற்குச் சாட்சி. கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்ளும். நீரில் கரைந்துள்ள கல்சியமும் சோடியமும் ஜெலற்றினின் ஏற்றத்தையும் கோந்தின் ஏற்றத்தையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் மறைத்துவிடுவதால், ஈர்ப்புத் தளர்ந்து தோல் படிவதில்லை, அல்லது அரைகுறையாகப் படிந்து துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் சுண்ணாம்பால் வந்த வன்மையின் ஒரு பகுதி படிவாக இறங்கும், உப்பு இறங்காது. ஆகவே கொதித்தாறிய நீர் குடிப்பதற்குச் சரி, இந்த வேலைக்குச் சரியல்ல. காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்தவும். அது கிடைக்காதபோது, ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்த பின், கூரையின் முதல் கழுவல் நீரை விட்டுவிட்டுத் திறந்த வெளியில் நேரே ஏந்திய மழைநீரை வடித்துப் பயன்படுத்தலாம். நான் இரண்டையும் அருகருகே வைத்துச் செய்து பார்த்தபோது, மழைநீரில் உருவான உறைகள் தனித்தனியாக உருண்டன. கிணற்று நீரில் இட்டது தயிர் முறிந்ததைப் போலத் திரண்டது.

இரண்டாவது காரணம் வெப்பம். ஜெலற்றினையும் கோந்தையும் 40 முதல் 50 பாகை வரையான நீரில் கரைத்து, கலவைத் துளிகளை அதில் கலக்கி, அசற்றிக்கமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, அமிலச்சுட்டியை (pH) 4 முதல் 4.5 வரை இறக்கியதும் தோல் படியத் தொடங்கும். ஆனால் அந்தத் தோல் இன்னும் திரவமே. 10 பாகைக்குக் கீழே குளிர்த்தினால்தான் அது இறுகும். அறையில் தானாக ஆறட்டும் என்று எழுதப்பட்ட செய்முறையை இங்கே பின்பற்றினால், பங்குனி, சித்திரை மாதங்களில் 32 பாகையில் கிடக்கும் ஜெலற்றின் ஒருபோதும் இறுகாது. காலையில் வந்து பார்த்தால் உறைகள் யாவும் ஒரே கட்டியாகி அடியில் கிடக்கும். பாத்திரத்தை ஐஸ் கட்டிகள் இட்ட நீரில் அமர்த்தி, கலக்குவதை நிறுத்தாமல் குளிர்த்தவும். இறுகிய தோலைக் குளுற்றரல்டிகைட்டுச் சேர்த்து நிலைப்படுத்தும்வரை குளிரிலேயே வைத்திருக்கவும். அப்பொருளின் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிப்பதால், காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்தே கையாள வேண்டும். சிறுவரிடம் ஒப்படைக்கக் கூடாது.

அமிலம் இறக்குவதற்குக் கள்ளு வினாகிரியைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உள்ளனர். அதன் நிறமும் அதிலுள்ள பிற பொருட்களும் குழம்புக்குள் வந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றே சொல்வேன். கரைசல் செறிவாக இருந்தால் வேலை விரைவாக முடியும் என்று எண்ணி ஜெலற்றினைக் கூட்டுவதும் தவறு. நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரையே போதும், அதற்கு மேல் போனால் பிரிதலே தடைப்படும்.

நிறம் வருகிறது, ஆனால் சாம்பல் பூசியதுபோல் மங்கலாக உள்ளது

முதலில் நூலின் கறுப்பைப் பாருங்கள். கடும் நீலத்தையும் கபிலத்தையும் கறுப்பென்று எண்ணி வாங்கிவிடுவது எளிது. நூலை வெயிலில் பிடித்து, அச்சடித்த கறுப்புக் கடதாசியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். உண்மைக் கறுப்பாக இருந்தாலும் சாயம் கழரக்கூடும். நீரில் கரைந்த பசையோடு உறைகளைக் கலந்து பூசும்போது, கழன்ற சாயம் மேலே ஏறி உறைகளுக்கு முன்னால் உலர்ந்துவிட்டால், தெறித்து வரும் ஒளியை அதுவே விழுங்கும். கறுப்பு பின்னால் இருந்தால் உதவி, முன்னால் வந்தால் திரை. ஊறவைத்த நீர் தெளியும்வரை நூலை அலசி, நன்றாக உலர்த்திய பின்னரே பூசவும்.

உறைகள் மிகச் சிறியவையாக இருப்பதும் ஒரு காரணம். சுருள் ஏறத்தாழப் பத்துச் சுற்றுகளாவது சுற்றினால்தான் தெறிப்பு முழுமை பெறும். பச்சைக்கு அது மூன்றரை மைக்குரோமீற்றர் தடிப்பு. கலக்கியை அதிவேகத்தில் நெடுநேரம் ஓடவிட்டு அதைவிடச் சிறிய துளிகளாக உடைத்துவிட்டால் பால்போன்ற வெண்மையே மிஞ்சும். நுணுக்குக்காட்டியில் பார்த்து, 10 முதல் 50 மைக்குரோமீற்றர் வரை வரும்போது கலக்குவதைக் குறைக்கவும்.

துளிகள் நன்றாகப் பிரியட்டும் என்று பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டுச் சேர்த்தவர்கள், நிறம் ஏன் செத்துப்போனது என்று பிறகு தேடுவதுண்டு. ஜெலற்றின் தொடும் பரப்பில் மூலக்கூறுகள் பரப்போடு படுத்திருக்கும். சவர்க்காரத் திரவங்களில் உள்ள பொருட்கள் அவற்றை நிமிர்த்திவிடுவதால் சுருளின் ஒழுங்கு குலைகிறது. அந்தக் குழம்பைத் திருத்த முடியாது.

இவை எதுவும் இல்லையென்றால் பூச்சு மெல்லியதாக இருக்கலாம். தடித்த ஒரு பூச்சுக்குப் பதிலாக மெல்லிய இரண்டு பூச்சுகள் கொடுக்கவும். முதலாவது முற்றாக உலர்ந்து பால்நிறம் நீங்கிய பின்னரே இரண்டாவதைக் கொடுக்க வேண்டும். பஞ்சு நூல் குழம்பை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்வதால், அதற்கு முன்னதாக வெறும் பசையை ஒருமுறை பூசி உலர்த்துவது நல்லது. பனந்தும்பு இந்த விடயத்தில் பஞ்சைவிட மேலானது. தடிப்பும் விறைப்பும் உள்ள அந்த இழையைக் கறுப்பேற்றிப் பூசினால், ஒற்றை இழையிலேயே நிறம் கண்ணுக்குத் தெரியும்.

சிவப்பு கணப்பொழுதில் மறைகிறது. நீலம் மட்டும் நீடிக்கிறது

இது பிழையன்று. குளிரும் பக்கத்தில் சுருள் மிக விரைவாக விரிவதால் சிவப்புக்கும் பச்சைக்கும் கிடைக்கும் வெப்பநிலை இடைவெளி ஒடுங்கியது; நீலத்துக்கு அகன்றது. நூலைச் சரித்துப் பார்க்கும்போது நிறம் நீலத்தின் பக்கம் சாய்வதும் அவ்வாறே இயல்பானது. அளவீட்டுக்குப் பயன்படுத்துவதாயின் எப்போதும் நேரே பார்த்து, பச்சை தோன்றும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளவும்.

முதல் வாரம் நன்றாக இருந்தது; இப்போது குறைந்த வெப்பநிலையிலேயே நிறம் மாறுகிறது, அல்லது வெளிறிவிட்டது

கலவைக்குள் வேறு ஏதோ கலந்துள்ளது. எண்ணெய்த் தன்மையுள்ள எதுவும் இதில் கரையும். கரைந்ததும் நிற எல்லை பெரும்பாலும் கீழே இறங்கும். தலைக்கு நல்லெண்ணெய் வைத்த கையோடு நூலைத் தடவிப் பார்ப்பதே போதுமானது. உறை நன்றாக மூடியிருந்தால் இது நேராது என்பதால், இந்த அறிகுறி உறை வெடித்திருக்கிறது என்பதற்கும் சான்றாகும். வண்ணப்பூச்சுக்குரிய கரைப்பான் கலந்த வார்னிசை மேலே பூசினால் அது உறையையும் கடந்து கெடுக்கும். நீரில் கரையும் அக்கிரிலிக் பசையைத் தவிர வேறெதையும் பூச வேண்டாம்.

எல்லை அதிகம் நகராமல் நிறம் மட்டும் வெளிறியிருந்தால் வெயிலைச் சந்தேகிக்கவும். புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் இம்மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குகின்றன; ஒலியைல் தொடரிலும் கொலெஸ்ரரோல் வளையத்திலும் அத்தகைய பிணைப்புகள் உள்ளன. பூசிய நூலை முற்றத்துக் கொடியில் உலரப் போடுவது எங்கள் வழக்கம். இந்த நூலுக்கு அது ஆகாது. நிழலில், மின்விசிறியின் கீழ் உலர்த்தவும். மீதிக் கலவையைக் கபில நிறக் குப்பியில், கழுத்துவரை நிரப்பி, குளிரில் வைக்கவும்.

நெய்யும் வரை நிறம் இருந்தது. நெய்த பின் இல்லை

உறைகள் நசுங்கிவிட்டன. பாவு நூலாக, அதாவது நெடுக்கு நூலாகப் போட்டால், ஒவ்வொரு இழையும் தறியில் பல்வரிசையின் இடையே நூற்றுக்கணக்கான முறை உரசுகிறது. கைத்தறியில் நெடுநாள் இருந்த அக்கா ஒருவர் நூலைக் கையில் வாங்கியதும், "இதைப் பாவில போடாதேங்கோ தம்பி, ஊடையில போடுங்கோ" என்றார். நான் அதனை முதல் துணி பாழான பின்னரே கேட்டேன். ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், ஒருமுறை மட்டும் ஓடி அமைவதால் சேதம் குறைவு. அதைவிடவும் பாதுகாப்பான வழி, கறுப்பு நூலால் முதலில் நெய்து முடித்து, பின்னர் துணியின் மேல் குழம்பைப் பூசுவதாகும். நூற்கண்டாகச் சுற்றும்போது இறுக்கமாகச் சுற்ற வேண்டாம். துணியைப் பிழியவோ, முறுக்கவோ, ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தவோ கூடாது.

மின்புல நூற்பில் இழைக்குப் பதிலாக மணிகளும் ஈரப்படலமும் வருகின்றன

ஆய்வுகூட வசதி உள்ளவர்கள், உள்ளே திரவப் பளிங்கும் வெளியே பொலிவைனைல்பிரோலிடோன் என்னும் பல்பகுதியமும் உள்ள இழைகளை, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரட்டை ஊசிகளிலிருந்து மின்புலத்தால் இழுத்து நூற்கின்றனர். இதற்கு ஆயிரக்கணக்கான வோற்று மின்னழுத்தம் தேவைப்படுவதால் வீட்டில் முயலக் கூடாது. அந்தப் பல்பகுதியம் நீரில் கரைவது; காற்றிலிருந்தும் ஈரத்தை இழுப்பது. அதற்குரிய கரைப்பானாகிய எதனோல் ஊசி முனையில் ஆவியாகும்போது முனை குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் ஒடுங்கிக் கரைசலோடு கலந்துவிடுகிறது. எங்கள் கடற்காற்றின் ஈரப்பதத்தில் இதனைத் தவிர்ப்பது கடினம். நூற்கும் கூட்டை மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் வைத்து, ஈரப்பதமானி இறங்கிய பின் தொடங்கவும். முடிந்த இழைகளையும் அதே உலர்த்தியோடு மூடிய குப்பிக்கு மாற்றவும். மணிகள் வருவது நின்ற பின்னும் நிறம் தெரியவில்லையென்றால், உள்ளீடு மூன்று நான்கு மைக்குரோமீற்றருக்கும் மெல்லியதாக இருக்கும். உள்ளூசியின் பாய்ச்சலைச் சிறிது கூட்டி, இழைகளைக் கறுப்புத் தகட்டின் மேல் ஏந்திப் பார்க்கவும்.